பஸ்ஸுக்குப் பின்னால் போன மாப்பிள்ளை

அருமனைப் பக்கம் வந்து ஜெபிஷ் வீடு எது என்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘பஸ்ஸுக்குப் பொறத்தால போற மாப்பிள்ளை’ என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடும். கல்யாண வீடானாலும் அடக்க வீடானாலும் அவன் மனைவி ஷீஜா மகள் ரெனிஷாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் போவாள். ஜெபிஷ் தன் மோட்டார் சைக்கிளில் அந்த பஸ்ஸின் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு போவான். முந்திப் போய்விட்டால், போன இடத்தில் ‘பெஞ்சாதி எங்க?’ என்ற கேள்விக்குத் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்குப் புகையே மேல்.

இந்த ஊர்வலம் 2008-ல் தொடங்கியது. கல்யாணமான புதிதில் குலசேகரத்தில் ஷீஜாவின் சித்தி வீட்டில் விருந்து. திரும்பி வரும்போது ஜெபிஷ் புதுப்பெண்ணுக்குத் தன் திறமையைக் காட்டினான். திற்பரப்பு தாண்டிய வளைவில் ஒரு பஸ்ஸை முந்தினான். எதிரே இன்னொரு பஸ் வந்தது. இரண்டுக்கும் நடுவே எப்படியோ நுழைந்து வெளியே வந்தான். அருமனை ஜங்ஷன் வந்ததும் ஷீஜா அவன் தோளைத் தட்டினாள்.

“நிறுத்துங்க.”

“என்ன வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்காண்டாம். நான் எறங்குதேன்.”

பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக இறங்கியவள், அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வீட்டில் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “நான் உங்ககூட வாழ வந்தேன். சாவதுக்கு வரல்ல.” அதன்பிறகு அவன் வண்டியில் அவள் ஏறவில்லை. மகள் பிறந்த பிறகு அவளையும் ஏற்ற விடவில்லை.

ஷீஜாவைக் குறை சொல்ல முடியாது. தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நர்ஸ். ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களை வாங்கிக் கிடத்துவதே அவள் வேலை. “கூட வாறவிய எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லுவாவ, அவனுக்கு நல்லா ஓட்டத் தெரியும்னு” என்பாள்.

அவனும் கெட்டவன் இல்லை. மருந்துக் கம்பெனி ரெப். கழுத்தில் டையும் முன்னால் தோல்பையுமாகக் களியக்காவிளை முதல் தக்கலை வரை டாக்டர்களின் வாசல்களில் காத்துக் கிடப்பான். நாளெல்லாம் காத்துக் கிடந்த மனுஷனுக்குச் சாயங்காலம் காலியான ரோடு ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக முறுக்கிவிடும். வேகம் அவனுக்குச் சொறி மாதிரி. சொறியும்போது சுகம், பிறகு எரியும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபின், நாளை முதல் நிதானம் என்று நினைத்துக்கொள்வான். அந்த நாளை வந்ததே இல்லை. ஷீஜா பின்னால் உட்கார வேண்டும் என்ற ஆசை இருந்தது. வேகத்தை விடவும் மனம் வரவில்லை. ஆறு வருஷம் இப்படியே பஸ் புகையில் போயிற்று.

2014-ல் அவன் சிநேகிதன் சத்தியராஜ் ஒரு புதுச்செய்தி கொண்டுவந்தான். சத்தியராஜுக்குத் தக்கலையில் டயர் கடை. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறதாம். பந்தயம் இல்லாத நாட்களில் கட்டணம் கட்டினால் யாரும் அவரவர் வண்டியைக் கொண்டுபோய் நாள் முழுக்க ஓட்டலாமாம்.

“ஒரே வழிதாம்லே மக்கா. எதிர்ல ஒருத்தனும் வரமாட்டான். உனக்க தெனவெல்லாம் அங்க போய்த் தீத்துட்டு வா.”

ஜெபிஷ் அன்றே ஷீஜாவிடம் சொன்னான். அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“சுத்திச் சுத்தி வந்து கடைசில எங்க போய்ச் சேருவிய?”

“தொடங்குன எடத்துலதான்.”

“அதுக்கு இஞ்சயே இருக்கலாம்லா?”

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் ஆசை வெட்கம் அறியாது. ஜெபிஷ் வண்டி தேடத் தொடங்கினான். தினம் ஓட்டும் வண்டி சோறு போடும் வண்டி. அதைத் தடத்தில் கொண்டுபோய்ப் போட்டு உடைக்க முடியாது. தனியாக ஒன்று வேண்டும், அதுவும் ரெப் சம்பளத்துக்குள் வேண்டும்.

முதலில் நாகர்கோவில் ஷோரூமுக்குப் போனார்கள். சிவப்பு நிறத்தில் இருநூற்றைம்பது சிசி வண்டி ஒன்று விளக்கு வெளிச்சத்தில் நின்றது. ஜெபிஷ் ஏறி உட்கார்ந்ததும் அவன் முகமே மாறிவிட்டது. சத்தியராஜ் விற்பனையாளரிடம், கீழே விழுந்தால் இந்தப் பக்கத்துத் தகடு என்ன விலை வரும் என்று கேட்டான். அவர் சொன்ன விலையைக் கேட்டு ஜெபிஷ் தானாகவே இறங்கிவிட்டான்.

“நீ ஓட்டுறதுக்கு வண்டி பாக்கே” என்றான் சத்தியராஜ், வெளியே வந்து டீ குடிக்கும்போது. “விழுறதுக்கு வண்டி பாரு. விழுந்தா அழாம தூக்கி நிறுத்தணும். அடுத்த நாளே தக்கலையில சாமான் கெடைக்கணும். டயர் சல்லிசா இருக்கணும். பெரிய எஞ்சின்னா நீ வளைவுல செய்த தப்பையெல்லாம் நேர்ரோட்டுல மறைச்சுப் போடும். சின்ன வண்டி அப்பிடி மறைக்காது, கேட்டியா.”

அடுத்து மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். அவர் அதைத் தன் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே, மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஜெபிஷை மேலும் கீழும் பார்த்தார். என்ன ஜோலி, எந்த ஊர், குடிப்பானா என்றெல்லாம் கேட்டார். அவர் சொன்ன விலைக்கு ஒரு பெண்ணையே கட்டிக்கொடுத்துவிடலாம் போலிருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

கடைசியில் தேடியது காலடியிலேயே கிடந்தது. ஜெபிஷ் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி லீலாபாய் அக்கா வீடு. அவர் மகன் அனிஷ் கத்தாருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவனுடைய நூற்றறுபது சிசி வண்டி, பழைய கல்யாண பிளெக்ஸ் ஒன்றைப் போர்த்திக்கொண்டு ரப்பர் ஷீட் உலர்த்தும் புரையில் நின்றது. சங்கிலி துருப்பிடித்திருந்தது, டயர் வழுக்கையாகியிருந்தது. ஆனால் உதைத்தபோது எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு சுத்தமாகப் பேசியது. சத்தியராஜ் குனிந்து கேட்டுவிட்டு, “கொள்ளாம்” என்றான். அவன் வாயில் அந்தப் பாராட்டு லேசில் வராது.

“அக்கா, என்ன வெலைக்குக் குடுப்பிய?” என்று கேட்டான் ஜெபிஷ்.

“அது எனக்க வண்டி இல்ல மக்கா, ஆண்டவருக்க வண்டி” என்றார் லீலாபாய். “பயலுக்கு விசா வந்தா இதைக் கோயிலுக்குக் குடுப்பேன்னு பொருத்தனை பண்ணியிருக்கேன். அறுப்பின் பண்டிகைக்கு ஏலத்துல வரும். நீ அங்க வந்து எடுத்துக்கோ.”

அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலைத் தேவாலயத்துக்காக ஏலம் விடுவார்கள். அது மற்ற ஏலம் மாதிரி இல்லை. மற்ற ஏலத்தில் பொருளுக்குத் தக்க விலை. இங்கே கேட்கிறவன் மனசுக்கும் வீம்புக்கும் தக்க விலை. ஒரு எலுமிச்சம்பழம் ஒரு பலாப்பழத்தின் விலைக்குப் போகும். நாட்டுக்கோழி ஒன்றை ஒருவர் எடுத்து, ‘ஆண்டவருக்கே இருக்கட்டும்’ என்று திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். இன்னொருவர் எடுத்து அவரும் திருப்புவார். மத்தியானத்துக்குள் கோழி சோர்ந்துபோய்த் தலையைத் தொங்கப் போட்டுவிடும். மலிவாகப் பொருள் வாங்க நினைக்கிறவன் போகக்கூடாத ஒரே இடம் உண்டென்றால் அது இந்த ஏலம்தான். இதே சபையில் ஞானஸ்நானம் எடுத்து வளர்ந்த ஜெபிஷுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் மனசில் ஒரு கணக்குப் போட்டான்: பெரியவர்களுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு? பெண்கள் கேட்கமாட்டார்கள். பயல்களிடம் காசு இல்லை. ஆகவே மலிவாக வரும். ஆசை கணக்குப் போட்டால் இப்படித்தான் விடை வரும்.

தானே கேட்டால் ஷீஜாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் சத்தியராஜைக் கேட்கச் சொல்லிவிட்டு, அவன் கண்ணில் மட்டும் படும்படி வாழைக்குலைக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பந்தலின் அந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதும் சபைச் செயலர் மைக்கைத் தட்டினார். சத்தியராஜ் தொடங்கினான். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு குரல் அதற்கு மேலே கேட்டது. பார்த்தால், ஷீஜாவின் தாய்மாமன் ஞானையன்!

ஜெபிஷுக்கு ஒன்றும் புரியவில்லை. ஞானையன் மாமாவுக்குச் சைக்கிளே நிற்காது. இளம்வயதில் ஒரு தடவை ஏறி வாய்க்காலில் விழுந்தவர், அன்று முதல் நடைதான். அவருக்கு எதற்கு இந்த வண்டி? சத்தியராஜ் குலைப்பக்கம் பார்த்தான்; ஜெபிஷ் தலையை ஆட்டினான்; விலை ஏறியது. மாமா பெண்கள் பக்கம் பார்த்தார், அவரும் ஏற்றினார். ஜெபிஷ் ஒதுக்கி வைத்திருந்த தொகையும் தாண்டிற்று. தாண்டியும் இரண்டு தடவை தலையை ஆட்டினான். அதற்குமேல் கழுத்து ஆட மறுத்துவிட்டது.

“ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்! யாருக்க பேருல எழுதணும் அண்ணாச்சி?”

“மருமவளுக்க பேருல” என்றார் ஞானையன் மாமா. “ஷீஜா ஜெபிஷ்.”

செயலர் எழுதப்போன கையை நிறுத்தினார். குலைக்குப் பின்னால் ஆடிய தலையை அவர் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் போலும். மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

“புருசனும் பெஞ்சாதியும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஏலம் கேட்டு ஆண்டவருக்கு நல்லா செய்திருக்காவ. ஸ்தோத்திரம்!”

பந்தலே சிரித்தது. போதகர்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். லீலாபாய் அக்காவுக்கு மட்டும் பெரிய சந்தோஷம். பொருத்தனை இரண்டு மடங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டதே.

வீட்டில் ஷீஜா மறைக்கவில்லை.

“தெனமும் சாயங்காலம் லீலாபாய் அக்கா வீட்டுப் புரைக்குப் போறது எனக்குத் தெரியாதா? வேற யாரு எடுத்தாலும் அது உங்க கைக்குத்தான் வரும். வேகமா ஓடுற வண்டி வீட்டுக்கு வந்தா, அது அருமனை ரோட்டுலதான் ஓடும். அதான் நானே எடுத்தேன். இனி அது எனக்க வண்டி. தொடணும்னா எங்கிட்ட கேக்கணும்.”

வண்டியைத் தன் வீட்டுப் பின்பக்கப் புரையில் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவி அவள் கழுத்துச் செயினில் தாலியோடு சேர்ந்து தொங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது இதுதான் என்று சத்தியராஜ் கேலி செய்தான். ஜெபிஷ் சாவியைக் கேட்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு நாள், டியூட்டி முடிந்து வந்த ஷீஜா உடுப்பை மாற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். திற்பரப்பு வளைவில் விழுந்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்களாம். அதே வளைவு. காலில் கம்பி வைத்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை. அவனுடைய மனைவி வெளியே நின்று, ‘அவியளுக்கு நல்லா ஓட்டத் தெரியும் சிஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

“எனக்கு அந்தப் புள்ளைக்க மூஞ்சி எனக்க மூஞ்சி மாதிரி இருந்துது” என்றாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: “அந்த கோயம்புத்தூர்ல எதிர்ல வண்டி வராதுல்லா?”

“வராது.”

“ஆடு, கோழி?”

“வராது.”

“ஸ்கூல் பிள்ளைய?”

“சத்தியமா வராது.”

“பின்ன செரி. ஆனா நானும் வருவேன். இன்னொண்ணும் உண்டு.”

அந்த இன்னொன்று என்னவென்றால், அவளே ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். ஹெட்லைட், கண்ணாடிகள், இண்டிகேட்டர், ஹாரன், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் ஜெபிஷ் காட்டக் காட்டக் கழற்றினாள். ஒரு அரிசிச் சாக்கில் கட்டி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். இனி அந்த வண்டி ரோட்டில் இறங்கினால் முதல் வளைவிலேயே போலீஸ் பிடிக்கும். சத்தியராஜ் இதைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். “ஏலே, தடத்துலயும் இதையேதாம்லே சொல்லுவாவ! உடைஞ்ச கண்ணாடி தடத்துல சிதறப்பிடாதுன்னு அங்கயும் கழத்தச் சொல்லுவாவ. உனக்க பெஞ்சாதி அவியளுக்கு முந்தியே வேலைய முடிச்சிட்டா.” புது டயர் இரண்டு மட்டும் அவன் கடையிலிருந்து வந்தது.

வண்டியைக் கொண்டுபோவது எப்படி? விசாரித்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றிருந்தது. கடைசியில் குறும்பனையிலிருந்து கோயம்புத்தூருக்கு மீன் லாரி ஓட்டும் சிலுவைதாசன் கைகொடுத்தார். டயர் வாங்க வந்து சத்தியராஜுக்குச் சிநேகிதமானவர். மீன்பெட்டிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திக் கயிற்றால் கட்டிக் கொண்டுபோனார். ஜெபிஷும் ஷீஜாவும் மகளை ஷீஜாவின் அம்மாவிடம் விட்டுவிட்டு ரயிலில் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தடத்தின் வாசலில் வண்டி நின்றது. அதைச் சுற்றி இரண்டு பூனைகள் நின்றன. பளபளவென்று பெரிய வண்டிகளோடு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஜெபிஷுக்குக் கூச்சமாக இருந்தது. ஷீஜா ஒரு வாளித் தண்ணீர் வாங்கிவந்து வண்டியைக் கழுவினாள். அவளுடைய வண்டி அல்லவா.

ஓட்டப்போவதற்கு முன் எல்லாரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே ஏதோ ஆபத்து, யாரும் யாரையும் முந்தக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் மெதுவாகத் திரும்பி வந்துவிட வேண்டும். தடத்தை விட்டு வெளியே வர நினைப்பவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வர வேண்டும். ஷீஜா பார்வையாளர் பக்கம் போகாமல் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

வாடகைத் தோல் உடுப்பில் வியர்த்துக்கொண்டே ஜெபிஷ் தடத்தில் இறங்கினான். அருமனையில் அவனை முந்த ஆள் கிடையாது. இங்கே ஆளாளுக்கு முந்தினார்கள். கொச்சியிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, அவனுடையதைவிடச் சின்ன வண்டியில் வளைவின் உள்பக்கமாகப் புகுந்து போனாள். ஜெபிஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வளைவில் பிரேக்கைப் பிடிக்காமல் திற்பரப்பு வளைவில் போவதுபோல நுழைந்தான். வண்டி திரும்பவில்லை. நேரே தடத்தை விட்டு இறங்கி, புல்லில் ஆடி ஆடி ஓடி, தூசியைக் கிளப்பிக்கொண்டு நின்றது.

அவன் விழவில்லை. ஒரு கீறல் இல்லை. புல்லின் நடுவே இரண்டு காலையும் ஊன்றி நின்றான். முன்னால் வெறும் புல். அதற்கப்பால் டயர் அடுக்கு. அவ்வளவுதான். இந்த இடத்தில் பஸ் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வளைவிலும் இந்த இடத்தில் ஒரு பஸ் இருக்கிறது, இத்தனை வருஷம் அது கொஞ்சம் பிந்தியோ முந்தியோ வந்திருக்கிறது. அவன் பிழைத்துக் கிடப்பது அதனால்தான், நன்றாக ஓட்டத் தெரிந்ததால் அல்ல. ஹெல்மெட் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. ஆண்டவரே, நல்லவேளை, புல்லை வைத்தீரே என்று வாய்விட்டே சொன்னான்.

மத்தியானத்துக்குமேல் ஒழுங்காக ஓட்டினான். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திரும்புவது, எங்கே முறுக்குவது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அந்தச் சின்ன வண்டி அவன் தப்பையெல்லாம் உடனுக்குடன் முகத்துக்கு நேரே சொன்னது. சரியாகச் செய்தபோது பறந்தது. மனசு நிறைய ஓட்டினான். கடைசிச் சுற்றுகள் நடந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் நேரம் முடிவதற்குள் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று பறந்துகொண்டிருந்தார்கள். ஜெபிஷ் இடதுகையைத் தூக்கினான். வேகத்தைக் குறைத்து, ஓரமாக வந்து, உள்ளே திரும்பி ஷீஜாவின் முன்னால் நிறுத்தினான்.

அவள் ஓடிவந்தாள். “என்னாச்சு? வண்டிக்குக் கேடா? எங்கயும் இடிச்சியளா?”

“ஒண்ணும் இல்ல. கை தளந்துட்டு. இனி ஓட்டுனா தப்பு வரும். போதும்னு தோணிச்சு.”

ஷீஜா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷத்தில் வேகத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து ‘போதும்’ என்ற வார்த்தையை அவள் கேட்டதில்லை. பிறகு முந்தானையால் அவன் முகத்துத் தூசியைத் துடைத்தாள். இத்தனை பேருக்கு முன்னாலா என்று அவன் கேட்கவில்லை.

வண்டி திரும்பவும் காலி மீன்பெட்டிகளுக்கு நடுவே ஊர் வந்து புரையில் ஏறியது. ஜெபிஷ் ரெப் வேலைக்குப் போகும் வண்டியில் நாற்பதுக்குமேல் போகவில்லை. முதலில் சத்தியராஜ் நம்பவில்லை. பிறகு ஊர் நம்பவில்லை. ‘ஏதும் சொகமில்லியா?’ என்று ஒரு டாக்டரே அவனை அழைத்து விசாரித்தார். சொறிய வேண்டியது அங்கே சொறிந்தாயிற்று, ஆறு மாதம் கழித்து மறுபடி போகலாம், இங்கே எதற்கு என்று அவனுக்கு இருந்தது. அந்த நினைப்பே பெரிய விடுதலையாக இருந்தது. ஷீஜா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் சிலுவைதாசன் குறும்பனையிலிருந்து போன் செய்தார். நல்ல நெய்மீன் பட்டிருக்கிறது, வந்தால் எடுத்துவைக்கிறேன் என்றார். ஜெபிஷ் தினம் ஓட்டும் வண்டியை வெளியே எடுத்தான். ஷீஜா கூடையோடு வாசலுக்கு வந்தாள். கூடையைக் கொடுக்கத்தான் வருகிறாள் என்று அவன் கையை நீட்டினான்.

“கொஞ்சம் முன்னால நீங்கி இரிங்க” என்றாள். ஏறி உட்கார்ந்தாள்.

ஜெபிஷ் நீட்டிய கையைக் கிளட்சுக்குக் கொண்டுபோனான். மெல்ல எடுத்தான். நாற்பதிலேயே அருமனை ஜங்ஷன் வந்தது. ஜங்ஷனில் வண்டி பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது அவள் தோளைத் தட்டினாள். அவனுக்குப் பக்கென்றது.

“இஞ்சதானே நான் எறங்கினேன்?” என்றாள். அவள் சிரிப்பது முதுகில் தெரிந்தது.

அதன்பிறகு வாய் ஓயவில்லை. ரெனிஷாவின் டீச்சர், ஆஸ்பத்திரிக் கேன்டீன் சாம்பார், ஞானையன் மாமாவின் முட்டுவலி என்று பேசிக்கொண்டே வந்தாள். அவனும் உம் கொட்டிக்கொண்டே ஓட்டினான். பயந்தவள் இப்படிப் பேசமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. குறும்பனையில் மீனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பின்னால் வந்த அருமனை பஸ் ஹாரன் அடித்தது. ஜெபிஷ் ஒதுங்கி வழிவிட்டான். பழக்கப்பட்ட கண்டக்டர் பின்படியில் நின்று இருவரையும் பார்த்துவிட்டு, வாயில் விரலை வைத்து நீளமாக ஒரு விசிலடித்தார்.

பஸ் வளைவில் மறைந்தது. ஷீஜா பேச்சை நிறுத்திவிட்டுக் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன். மீன் கெட்டுப் போவும்லா.”